நீலம் போனால் போகட்டும்!

"மாமி, இந்தப் பாலைக் கொஞ்சம் பாருங்களேன்!" என்று டம்ளரும் கையுமாக வந்து நின்றாள் எதிர்வீட்டுப் பெண். நீலப் பொடியைப் போட்டு, கொதிக்கக் கொதிக்கப் பாலை ஊற்றியிருக்கிறாள். நிறம் மங்கிப் போய்விட்டது. "போலிச் சரக்கோ?" என்று அவளுக்குக் கவலை.

போலி இல்லை. அது சுருள்பாசியிலிருந்து பிரித்தெடுத்த நீலம். ஸ்பைருலினா என்றால் சட்டென்று புரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஸ்பிரிங் மாதிரி சுருண்டிருக்கும் நுண்பாசி. அதன் நீலத்துக்கு ஃபைகோசயனின் என்று பெயர். அது ஒரு வகைப் புரதம். சூடு பட்டால் முட்டை வெள்ளைக்கரு மாறிவிடுகிறதல்லவா? அதே போல இதுவும் குலைந்து நிறம் இழந்துவிடும். அதனால்தான் பாசிப் பொடியைச் சூடில்லாத தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி நீலத்தை எடுக்கிறார்கள். மிட்டாய்க்கும் சூயிங்கத்துக்கும் இந்த நிறத்தைச் சேர்க்க 2013-இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

"சரி, இதை எதுக்கும்மா வாங்கினே?"

"சின்னவனுக்குத்தான் மாமி. பொழுது சாஞ்சா வாசப்படியில தடுக்கி விழறான். பாசி கண்ணுக்கு நல்லதுன்னு கடையில சொன்னாங்க."

எனக்குத் திக்கென்றது. மாலைக்கண்ணாக இருக்குமோ? "முதல்ல குழந்தையை டாக்டர்கிட்டே காட்டு" என்று அனுப்பினேன். சந்தேகம் சரிதான். வைட்டமின் ஏ குறைவாம். மருந்து கொடுத்தார், இப்போது பையன் தேறி வருகிறான்.

மறுநாள் அவளுக்கு ஒரு வேடிக்கை காட்டினேன். அரை ஸ்பூன் முழுப் பாசிப் பொடியை ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கலந்து, ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். மெல்லிய துணியில் வடிகட்டினால் நீலத் தண்ணீர் இறங்கியது. பச்சைச் சக்கை துணியில் தங்கிவிட்டது. உடம்பு வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும் பீட்டா கரோட்டின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். ஆகவே அது சக்கையோடு நின்றுவிடும். காசு கொடுத்து வாங்கிய நீலத்தில், அவள் தேடியது இல்லவே இல்லை!

அதே பீட்டா கரோட்டின் முருங்கைக்கீரையிலும் காரட்டிலும் பப்பாளியிலும் தாராளமாக இருக்கிறது. கீரையைக் கடைந்து ஒரு ஸ்பூன் நெய் விட்டுப் பிசைந்து கொடுங்கள். கொழுப்பு சேர்ந்தால்தான் உடம்பில் ஒட்டும். டாக்டரைக் கேட்காமல் குழந்தைகளுக்குப் பாசிப் பொடியோ மாத்திரையோ வேண்டாம்.

இன்னொன்று. ஒன்பதாம் மாதம் தொடங்கி ஐந்து வயது வரை, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அரசு சுகாதார நிலையங்களில் வைட்டமின் ஏ சொட்டு மருந்து இலவசமாகவே தருகிறார்கள். அளவு மீறினால் கெடுதல்; நாமாக வாங்கிக் கொடுக்கக் கூடாது. எதிர்வீட்டுப் பெண் இரண்டு தவணை விட்டுவிட்டாளாம். இன்றைக்கே உங்கள் குழந்தையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பார்த்துவிடுங்களேன்!