சுக்கான் சொல்லும் செய்தி

தேர்ப்பாகனைச் சங்கச் சான்றோர் வலவன் என்றனர். அவன் கையிலிருந்த கடிவாளம் குதிரைக்கு ஏவலைக் கொண்டு சென்றது. குதிரையின் களைப்பையும் மருட்சியையும் அவன் விரல்களுக்கு மீட்டுக் கொணர்ந்தது. ஏவலும் மறுமொழியும் ஒரே வாரில் இயங்கின. இன்றைய மோட்டார் வாகனங்களில் ஏவல் செல்கின்றது; மறுமொழி வருகின்றதா? நம் கல்லூரியை விட்டு வெளியேறும் இளஞ்சாரதிகளின் நலங்கருதி இவ்வினாவை எழுப்புகின்றேன்.

1948 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளிவந்த மொறிஸ் மைனர் நம் நாட்டார் நன்கறிந்த கார். அதனை வகுத்தவர் அலெக் இசிகோனிஸ் என்பார். அக்காலத்துக் கார்கள் பலவற்றில் சுக்கானுக்கும் முன்சில்லுகளுக்கும் இடையே பெட்டியும் நெம்புகோல்களும் பலவாக அமைந்திருந்தன. மைனரிலோ சிறு பற்சில்லொன்று பற்சட்டத்தை நேரே இடமும் வலமும் நகர்த்தியது. உதவிக்கு எண்ணெயமுக்கமுமில்லை, மின்மோட்டருமில்லை. ஆகவே சில்லு பட்டதைக் கையும் பட்டது.

இஃது எவ்வாறு நிகழ்கின்றது? முன்சில்லு திரும்பும் அச்சு சற்றே பின்சாய்வாக அமைக்கப்படும். அதனால் சில்லு நிலத்தைத் தொடும் இடம் அவ்வச்சின் கோட்டுக்குப் பின்னே விழும். வளைவில் திரும்புங்கால் டயரின் பக்கவிசையும் தொடுமிடத்தின் நடுவுக்குச் சற்றுப் பின்னே தாக்கும். இவ்விரண்டும் கூடிச் சில்லை நேராக்க முயல்வதையே கை பாரமாக உணர்கின்றது. டயரின் பிடி எல்லையை நெருங்கும்போது விசை தாக்கும் இடம் முன்னே நகரும், பாரம் குறையும். மழை நனைத்த வளைவில் சுக்கான் இலேசாகுமாயின், பிடி தளர்கின்றது என்பது பொருள். கார் வழுக்குமுன் வரும் எச்சரிக்கை அது.

பழையன யாவும் நல்லன என்பாரோடு யான் உடன்படேன். தேய்ந்த மூட்டுகளால் சுக்கான் ஆடுவது செய்தியன்று, வெற்றிரைச்சல். பழைய கார்கள் பலவற்றில் ஆசனப்பட்டி இல்லை. மோதலில் சுக்கான் தண்டே மார்பைத் தாக்கும். உருளைப் பிறேக்குகள் நீண்ட இறக்கத்திற் சூடேறி வலுவிழக்கும். ஆசனப்பட்டியும், காற்றுப்பையும், சில்லுகள் பூட்டிக்கொள்ளாது தடுக்கும் பிறேக்கும் உயிர்காக்கும் பேறுகள். 1951 இல் அமெரிக்கக் கிறைஸ்லர் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த வலுவூட்டிய சுக்கானும் பாரமான கார்களைப் பலர்க்கும் எளிதாக்கியது. ஆனால், கையின் பாரத்தை நீக்கும் உதவி, அதனை அமைக்கும் முறைக்கேற்பச் செய்தியையும் மழுக்கிவிடக்கூடும். அதனோடு மூடிய கண்ணாடியும் குளிரூட்டியும் இசையும் சேர, வேகம் வேகமாகவே தோன்றுவதில்லை. ஆபத்து இங்கேதான் இருக்கின்றது.

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. எஞ்சினிலே தட்டொலியை எழுப்பவல்லது அவ்வெரிபொருள். அங்கே சாரதியின் செவியே அளவுகருவியாயிற்று. வகுப்பறையிலும் இவ்வுண்மையையே காண்கின்றோம். விடையை உடனே பெறும் மாணவன் விரைந்து செல்வான். தான் எவ்விடத்தில் வழுவினான் என்பதை அறியான். தடையை உணர்ந்து கற்றவனுக்கே வழி விளங்கும்.

ஆதலின் என் கருத்து இது: வாகனம் பயில்வோர் முதற் சில மணித்தியாலங்களேனும் வலுவூட்டாத சுக்கானுடைய காரில், ஆளற்ற வெளியில், மெல்ல ஓட்டிப் பழகுதல் வேண்டும். அத்தகைய கார் கிடையாதாயின், வானொலியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கி, தாரும் மணலும் ஈரமும் கையிலும் இருக்கையிலும் செவியிலும் ஏற்படுத்தும் வேறுபாட்டைப் பயிற்றுநர் எடுத்துக் காட்டுதல் வேண்டும். வீதி விதிகளை ஒப்புவித்தல் மட்டும் சாரதியை ஆக்காது. பழைய கார் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர், ஓர் இளைஞனுக்கு அதன் சுக்கானை ஒரு மாலைப்பொழுதேனும் கொடுத்துதவின், அது நல்லதொரு பாடமாகும். அவன் உயிர் மட்டுமன்று, வீதியோரம் நடந்து செல்வார் உயிரும் அப்பாடத்தைச் சார்ந்திருக்கின்றது.