கள்ளுக்கடையும் நொச்சிக்குப்பத்து மீனும்

கொச்சி பக்கம் போனா உதயம்பேரூர் முல்லப்பந்தலுக்குப் போகாம திரும்பாதேடான்னு நண்பன் ஒருத்தன் ரொம்ப நாளா நச்சரிச்சிட்டு இருந்தான். போனேன். கள்ளுக்கடைன்னு நான் மனசுல வெச்சிருந்தது வேற. அங்க பார்த்தது பக்கத்து மேஜைல ஒரு பாட்டி, மருமகள், ரெண்டு குழந்தைங்க. கப்பையும் குடம்புளி போட்ட மீன் கறியும் சாப்பிட்டுட்டு இருந்தாங்க. யாரும் தலையைக் குனிஞ்சு உட்காரலை. அதான் என்னை உறுத்திச்சு.

நம்ம ஊர்ல 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. ஆனா 2003-லிருந்து அரசாங்கமே டாஸ்மாக்ல பிராந்தி விக்குது. நம்ம மாநில மரம் எது? பனை! :-) யாழ்ப்பாணத்து நண்பர்கள் கள்ளுக்கடையைத் தவறணைன்னு சொல்லுவாங்க. அங்கயும் தடை இல்லை. பட்டினப்பாலையில, பௌர்ணமி அன்னிக்குக் கடலுக்குப் போகாத பரதவர் பனங்கள் குடிச்சுக் கொண்டாடினாங்கன்னு வருது. அதே கடல்தானே நொச்சிக்குப்பத்துலயும்?

ஊர் திரும்பினதும் ஞாயித்துக்கிழமை மீன் வாங்க லூப் ரோட்டுக்குப் போனேன். 2024-ல திறந்த புது மார்க்கெட். வழக்கமா வாங்குற அக்கா கிட்ட, "இங்கயே ஒரு கள்ளுக்கடை, கூடவே மீன் சாப்பாடு, குடும்பத்தோட வர்ற மாதிரி இருந்தா எப்படி இருக்கும்?"னு கேட்டேன்.

வஞ்சிரத்தை வெட்டிக்கிட்டே சொன்னாங்க: "கள்ளா இருந்தா இன்னா, பிராந்தியா இருந்தா இன்னா தம்பி? அது குட்ச்சிட்டு வந்தா எங்க வூட்ல அடுப்பு எரியாது. நீ ஒருநாள் போய்ட்டு வந்துட்ட. நான் தெனம் பாக்குறேன்."

பதில் சொல்ல வாய் வரலை.

கள்ளைத் தடுத்துட்டு பிராந்தியை விக்கிறது நியாயமே இல்லைன்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா கள்ளைத் திறந்துட்டா எல்லாம் சரியாயிடும்னு பேசுறதை விட்டுட்டேன். முல்லப்பந்தல்ல எனக்குப் பிடிச்சது கள் இல்லை; வீட்டுப் பொம்பளைங்க அதே மேஜைல உட்கார்ந்திருந்தது. குடிக்கிறவன் அவங்க கண் முன்னாடி, சாப்பாட்டோட, அளவோட குடிக்கிறான். நம்ம பார்ல அவங்களுக்கு இடமே கிடையாது. விளைவு மட்டும்தான் அவங்களுக்கு.

நொச்சிக்குப்பத்துல முதல்ல வர வேண்டியது அந்த அக்காவே முதலாளியா இருக்கிற ஒரு மீன் சாப்பாட்டுக் கடை. பக்கத்துல கள் வேணுமா வேணாமான்னு அப்புறம் அவங்களே முடிவு பண்ணட்டும். நானும் நீங்களும் இல்லை.

என்ன சொல்றீங்க மக்களே?