மவுஸைத் தள்ளி வையுங்கள், தோழர்களே!

போன வாரம் ஓர் அரசு இணையதளத்தில் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை என்விடிஏ என்ற திரைவாசிப்பான் மென்பொருள் படித்துச் சொல்லும். விசைப்பலகையைத் தட்டித் தட்டி நகர்வேன். பெயர், பிறந்த தேதி, ஆதார் எண் என்று எந்தப் பெட்டிக்குப் போனாலும் அது சொன்னது ஒரே வார்த்தை: "எடிட்." எதில் எதை நிரப்புவது? தட்டுத்தடுமாறிக் கடைசிக்கு வந்தால் கேப்ட்சா. படத்திலுள்ள எழுத்துகளை அடிக்கச் சொல்கிறது, காதால் கேட்க வழியே இல்லை. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு, வங்கிக் கணக்கு எண்வரை அவனிடம் ஒப்பித்துத்தான் அனுப்ப முடிந்தது.

பாமினி எழுத்துருவில் அடித்த பழைய ஆவணங்கள் இன்னொரு கொடுமை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகள். என் காதில் 'தமிழ்' என்ற சொல்லே "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்" என்று விழும். ஸ்கேன் செய்து ஏற்றிய அரசாணை என்றால் அதுவும் கிடையாது, வெறும் மௌனம்.

நாம் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வந்தது 2016இல். விதிகள் வெளியாகி இரண்டே ஆண்டில் சேவைகளைச் சரிசெய்ய வேண்டும் என்றது. அந்தக் கெடு 2019லேயே முடிந்துவிட்டது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பான கேஒய்சிக்காகக் கண்ணைச் சிமிட்டச் சொன்னபோது, சிமிட்ட முடியாமல் நின்றவர்கள் ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், இணையவழிச் சேவைகளை அணுகுவதும் வாழ்வுரிமையே என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தச் சேவைகளைச் சோதிப்பதில் பார்வையற்றோரையும் சேர்க்கச் சொன்னது அதே தீர்ப்பு.

ஆகவே, சோதிக்க வேண்டியவர்கள் நாம்தான்! தானியங்கிக் கருவி படத்துக்கு விளக்கம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 'படம் 1' என்று எழுதியிருந்தாலும் தேறியது என்று விட்டுவிடும். அதனால் படும் பாடு நமக்குத்தான் தெரியும்.

பார்வையுள்ள தோழர்களே, மவுஸைத் தொடாமல் டேப் விசையால் மட்டும் ஒரு விண்ணப்பத்தை முடித்துப் பாருங்கள். காது கேளாத தோழர்களே, அரசுக் காணொளிகளில் வசனவரி ஓடுகிறதா பாருங்கள். பார்வை மங்கியவர்கள் எழுத்தை இரு மடங்காக்கிப் பாருங்கள். எந்தப் பக்கம், எந்தத் தேதி, எந்த இடத்தில் நின்றுபோனது, திரைவாசிப்பான் என்ன சொன்னது என்று அப்படியே எழுதுங்கள். முடிந்தால் ஒலிப்பதிவும் வேண்டும்.

ஞாயிறு காலை 10 மணிக்குக் குறிப்புகளோடு நம் கூட்டத்துக்கு வந்துவிடுங்கள். திங்களன்று அந்தந்தத் துறைக்கு ஒரு மனு, மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு ஒரு மனு!