இரட்டைக் கதவும் இடமிச்சமும்

உறைபெட்டி வாங்குவோர் அதன் கொள்ளளவையே வினவுவர். கதவோரத்துக் ‘கேஸ்கட்’ என்னும் மென்பட்டையை நோக்குவார் சிலரே. பூந்தமல்லி, ஆவடிக் கடைகளின் ஈரக்காற்றில் அப்பட்டையே பெட்டியின் உயிர்நிலை என்போம். பட்டையினுள் உள்ள காந்தக்கீற்று எஃகு முகத்தைப் பற்றியே கதவை இறுக்குகின்றது. கதவு இரண்டாயின் நடுவிலும் பற்றுதற்கு ஒரு முகம் வேண்டும். அங்கே நிலைத்தூண் நாட்டின் அகன்ற தட்டுகள் உட்புகா. தூணை நீக்கிப் பட்டையையும் மெலிவித்தாலோ, ஈரம் புகுந்து உறைபனியாய்ப் படிந்து, மிச்சப்பட்ட இடத்தையே விழுங்கிவிடும்.

இறுக்கத்தின் பொருட்டு வெளித்தாழ் இடலாமே எனின், அதுவும் தகாது. பெட்டியுள் அகப்பட்ட சிறுவர் மூச்சடைத்து மாண்டமையாலன்றோ, வீட்டுக் குளிர்ப்பெட்டிகள் உள்ளிருந்து திறக்கத்தக்கனவாய் இருத்தல் வேண்டுமென அமெரிக்கா 1956-இல் சட்டம் இயற்றிற்று!

ஆதலின், ஒரு கதவின் விளிம்பிற் கீலிட்ட மடக்குச்சட்டமே சிறந்ததென்பது எம் கருத்து. கதவு திறக்குங்கால் அது மடங்கி வழிவிடும். மூடுங்கால் திரும்பி நின்று இரு பட்டைகளுக்கும் முகங்கொடுக்கும். அது வியர்க்காதிருக்க வெப்பக்கம்பி வேண்டும். அதற்குச் சிறிது மின்செலவும் உண்டு. கீலும் நாளடைவில் தேயும். எனினும், சட்டமும் பட்டையும் எளிதிற் கழற்றி மாற்றத்தக்கனவாயின் அக்குறை பெரிதன்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் இதனை மேற்கொள்ளுமாயின், சிறு வணிகர்க்கு அது பேருதவியாம்.