ஒன்றரை மணிக்குப் பின் வரும் மின்னல்

சப்ரகமுவ மாகாணக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பணிப்பாளர் அவர்களுக்கு,

நான் எட்டியாந்தோட்டைப் பக்கம் ஓர் இறப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். தோட்டத்து ஸ்டோரில் மின்வேலை பழகி, பிறகு வெளியே வயரிங் வேலை செய்து பிழைத்தவன். ஊரில் என்னை 'வயரிங் பாஸ்' என்றால்தான் தெரியும். உங்கள் பாடசாலைகள் பலவற்றின் மெயின் போர்டைத் திறந்து பார்த்திருக்கிறேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

பாடசாலை பிற்பகல் ஒன்றரைக்கு விடுகிறது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இடிமழை பெரும்பாலும் இரண்டு மணிக்குப் பிறகுதான் வரும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும், இரண்டு பருவக்காற்றுக்கும் இடைப்பட்ட அந்த நாட்களில், காலையில் வெயில் கொளுத்தும், மத்தியானத்துக்குமேல் மலையில் முகில் கறுக்கும். லயத்தில் முதல் முழக்கம் கேட்டவுடனேயே ஆச்சி, "டீவி பிளக்கைக் கழற்று" என்று சத்தம் போடுவார். அதைவிட நல்ல பாதுகாப்பை எந்தக் கம்பனியும் இன்னும் விற்கவில்லை. பாடசாலையில் அந்த நேரத்தில் ஆச்சியும் இல்லை, ஆசிரியரும் இல்லை. கணினி அறை பூட்டியிருக்கும். பிளக்குகள் செருகியபடியே இருக்கும்.

சில வருடங்களுக்கு முன், புத்தாண்டு விடுமுறை முடிந்து திறந்த அன்று, மலைமேல் இருக்கிற ஒரு தமிழ் வித்தியாலயத்தின் அதிபர் என்னைக் கூப்பிட்டார். ஸ்மார்ட் போர்ட், போட்டோ கொப்பி மெஷின், கணினிகளில் பாதி, அவற்றின் யூ.பி.எஸ். பெட்டிகள் எல்லாமே போய்விட்டிருந்தன. அறைக்குள் கருகல் வாடை.

"சர்ஜ் அரெஸ்டர் போட்டிருக்கிறோமே பாஸ்" என்றார் அதிபர். உண்மைதான். மின்னல் அலையைப் பிடித்து எர்த்துக்குத் திருப்பிவிடும் அந்தக் கருவி மெயின் போர்டுக்குக் கீழே தனிப்பெட்டியில் இருந்தது. அதன் சின்னச் சன்னலில் பச்சை நிறம், அதாவது கருவி இன்னும் நலம். காவலாளிக்கு ஒரு கீறல் இல்லை, வீடு முழுக்கக் களவு போயிருந்தது என்பதுபோல.

மூடியைக் கழற்றினேன். மெயின் ஸ்விட்ச்சிலிருந்து கம்பிகள் கீழே இறங்கி வந்திருந்தன. அங்கிருந்து பச்சை மஞ்சள் எர்த் கம்பி திரும்ப மேலே எர்த் பாருக்குப் போக வேண்டும். போகும் வழியில் மிச்சக் கம்பியை அழகாக வட்டம் வட்டமாகச் சுருட்டி, இரண்டு இடத்தில் கேபிள் டை போட்டு இறுக்கியிருந்தார்கள். போட்டவர் நல்ல கைக்காரர்தான். கம்பியை வெட்டி வீணாக்க மனம் வரவில்லை போலும். அளந்து பார்த்தேன், போகவர இரண்டு மீற்றருக்கு மேல்.

வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மீற்றர் கம்பி ஒரு பொருட்டே இல்லை. மின்னல் அலை மைக்ரோ செக்கன் கணக்கில் பாய்ந்து ஏறுவது. அந்த வேகத்துக்கு நேர்க் கம்பியே முரண்டு பிடிக்கும், சுருட்டிய கம்பியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தொழிலில் நாங்கள் மனதில் வைத்திருக்கும் கணக்கு, மீற்றருக்கு ஏறக்குறைய 1000 வோல்ட். அரெஸ்டர் தன் முனையில் அலையை 1500 வோல்ட்டில் மடக்கினாலும், கம்பி அதன்மேல் இன்னொரு 2000 வோல்ட்டைச் சேர்த்துவிடும். சாதாரண உபகரணங்கள் 2500 வோல்ட் வரையான அதிர்ச்சியைத் தாங்க வேண்டும், நுண்ணிய எலக்ட்ரோனிக் சாமான்களுக்கு 1500 என்பது சர்வதேச நியமம். 3500 வந்தால் எது மிஞ்சும்? இணைப்புக் கம்பிகள் மொத்தமாக அரை மீற்றரைத் தாண்டாமலிருப்பது நல்லது என்று அதே நியமங்கள் சொல்வது இதனால்தான்.

அதிபர் பழைய கோப்பைத் தேடி எடுத்துக் காட்டினார். விலைமனுவில் கேட்டிருந்தது ஒரே வரி: சர்ஜ் அரெஸ்டர், 100 கிலோ அம்பியர், எண்ணிக்கை 1. கேட்டபடியே, முகப்பில் 100 என்று பெரிதாக அச்சடித்த பெட்டி வந்திருக்கிறது. ஆகக் குறைந்த விலைக்காரருக்கு வேலை போயிருக்கிறது. சட்டப்படி யார்மீதும் குற்றமில்லை. அந்த 100 என்பது, கருவி ஒரேயொரு தடவை தாங்கக்கூடிய உச்ச அளவு. திரும்பத் திரும்பத் தாங்கும் அளவு பக்கவாட்டில் சின்ன எழுத்தில் இருக்கும். அதைவிட முக்கியமானது, எத்தனை வோல்ட்டை உள்ளே போக விடுகிறது என்கிற 'யூ.பி.' எண். அது 1500க்கு மேற்படக்கூடாது என்று யாரும் கேட்டிருக்கவில்லை. கேட்காததைக் கடைக்காரர் ஏன் தரப்போகிறார்?

அந்தக் கட்டடத்தின் கூரையில் இடிதாங்கி வேறு இருந்தது. "இடிதாங்கிதான் இருக்கிறதே" என்று உங்கள் அலுவலர்கள் சிலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இடிதாங்கி கூரையையும் சுவரையும் பிள்ளைகளையும் காக்கிறது. கணினியைக் காப்பதில்லை, கணினிக்கு ஆபத்தைக் கூட்டுகிறது என்றுகூடச் சொல்லலாம். 100 கிலோ அம்பியர் மின்னல் இடிதாங்கி வழியே இறங்கினால், பாதி மண்ணுக்குள் போகும் என்றும், மறுபாதி கட்டடத்தின் எர்த்திலிருந்து மேலேறி மின்சாரக் கம்பிகள் வழியே வெளியே ஓடும் என்றும் கணக்கு வைக்கிறார்கள். மூன்று பேஸும் நியூட்ரலுமாக நான்கு கம்பி. 50ஐ நாலால் பிரித்தால் ஒன்றுக்கு 12.5. நேரடி மின்னலுக்கென்று செய்யும் முதலாம் வகை அரெஸ்டரின் பெட்டியில் 12.5 என்ற எண் அடிக்கடி தென்படுவது இப்படித்தான். அந்த 12.5ஐச் சோதிப்பது 10/350 என்கிற நீண்ட அலையில். அதிபரிடம் இருந்த 100, 8/20 என்கிற குறுகிய அலைக்கானது. அதே அம்பியரில் நீண்ட அலை சுமந்து வரும் மின்னூட்டம் ஏறக்குறைய இருபது மடங்கு. எனவே இடிதாங்கி உள்ள கட்டடத்துக்கு முதலாம் வகை கட்டாயம். இல்லாத கட்டடத்துக்கு இரண்டாம் வகை போதும் என்பார்கள். இறப்பர் மரங்களுக்கு நடுவே கம்பத்துக்குக் கம்பம் தொங்கிக்கொண்டு மலையேறி வரும் லைனின் கடைசியில் உள்ள பாடசாலைக்கு நானென்றால் இரண்டும் சேர்ந்த வகையைத்தான் போடுவேன்.

நம் நாட்டில் மின்சாரம் தருகிறவர் எர்த் தருவதில்லை. அவரவர் கட்டடத்துக்கு அவரவரே எர்த் ராட் அடித்துக்கொள்கிறோம். ஆகவே அரெஸ்டரில் '3+1' என்ற அமைப்பைக் கேட்க வேண்டும், ஒற்றைப் பேஸ் என்றால் '1+1'. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையில் துத்தநாக ஒக்சைட் வில்லைகள், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் தீப்பொறி இடைவெளி. அப்படியென்றால்தான் அதை ட்ரிப் ஸ்விட்ச்சுக்கு முன்னால் பொருத்தலாம். பின்னால் பொருத்தினால் அலை முழுவதும் ட்ரிப் ஸ்விட்ச்சுக்குள் புகுந்து வரும், ஒருநாள் அந்த ஸ்விட்ச்சே செத்துவிடும். தொடர்ந்து தாங்கும் வோல்ட் அளவு 275க்குக் குறையக்கூடாது. வோல்ட் ஏறி இறங்கும் இடங்களில் 320 நல்லது.

எர்த் பற்றி ஒரு சண்டை எனக்கு எப்போதும் உண்டு. இடிதாங்கிக்கு ஒரு எர்த், மின்சாரத்துக்கு ஒன்று, அரெஸ்டருக்கு இன்னொன்று என்று தனித்தனியாக அடித்து, "ஒன்றோடொன்று தொடவே இல்லை" எனப் பெருமையாகச் சொல்கிறார்கள். இடி விழும் கணத்தில் அந்த ராட்களுக்கிடையே ஆயிரக்கணக்கான வோல்ட் வித்தியாசம் எழும், அது தனக்குப் பாதை தேடுவது ஸ்மார்ட் போர்டின் வயிற்றுக்குள்தான். எல்லாம் ஒரே எர்த் பாரில் சேர வேண்டும். நம் மலைகளில் நாலடிக்குக் கீழே பாறை. ஒரு ராட் இறங்காவிட்டால் இரண்டு மூன்றை விலக்கி அடித்துத் தடித்த செம்புக் கம்பியால் இணைப்பது வழக்கம். அதற்கு ஒரு பகல் கூலி கூடப் போகும். மதிப்பீட்டில் அந்தக் கூலி ஒருபோதும் இருப்பதில்லை. தொலைபேசிக் கம்பி, கூரை அன்டனா வழியாகவும் அலை வரும், அவற்றுக்குச் சின்ன அரெஸ்டர்கள் தனியாக உண்டு.

கொழுந்து மலையில் நின்றபடியே இடி விழுந்து இறந்தவர்களை அறிந்தவன் நான். உயிரின் முன்னால் கணினி பெரிதில்லை. அந்தக் கணினிகளில் விரல் வைத்துப் பழகியவர்கள் அவர்களின் பேரப்பிள்ளைகள் என்பதால்தான் இவ்வளவும் எழுதுகிறேன். நகரத்துப் பாடசாலையில் மெஷின் எரிந்தால் பழைய மாணவர் சங்கம் வாங்கித் தரும். தோட்டப் பாடசாலையில் எரிந்தால் அறையைப் பூட்டிவிடுவார்கள்.

பணிப்பாளர் அவர்களே, அடுத்த தொகுதி ஸ்மார்ட் போர்டுகளுக்குக் கையெழுத்திடும் முன் அரெஸ்டருக்கான விவரக்குறிப்பை மாற்றி எழுதச் சொல்லுங்கள். ஐ.இ.சி. 61643-11 நியமம், வகை, யூ.பி. எண், 3+1 அமைப்பு எல்லாம் அதில் இருக்கட்டும். பெலிஹுலோயாவில் சப்ரகமுவப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பௌதிகவியல் துறை பல வருடங்களாக மின்னலை ஆராய்கிறது. எழுதியதை அங்கே காட்டிச் சரிபார்க்கலாம். வேலை முடிந்த பிறகு பணம் கொடுக்குமுன், பெட்டியைத் திறந்து கம்பியை அளந்து பார்க்க ஒருவரை அனுப்புங்கள். மாதம் ஒருமுறை சன்னலின் நிறத்தைப் பார்த்துச் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதும்படி அதிபர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். சிவப்பானால், கழற்றி மாட்டும் வகையென்றால் உள்ளே இருக்கும் கார்ட்ரிஜை மட்டும் மாற்றலாம்.

அந்த வித்தியாலயத்தில் அன்று அரெஸ்டரை மெயின் ஸ்விட்ச்சுக்குப் பக்கத்திலேயே ஏற்றிப் பொருத்தினேன், கம்பியை ஒரு முழத்துக்குள் வெட்டினேன். புதிதாக ஒரு ரூபாய்ச் சாமானும் வாங்கவில்லை. எரிந்துபோன கணினிகளுக்குப் பதில் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
எட்டியாந்தோட்டையிலிருந்து ஒரு வயரிங் பாஸ்