சட்டம் எழுதிய கைகள்

ஒரு நாட்டின் அரசியலமைப்புச் சட்டம் வானினின்று இறங்கி வருவதன்று, மாந்தர் எழுதுவது. எழுதுகின்றவர் எந்நிலையில் நின்று எழுதுகின்றனரோ, அந்நிலையின் நிழல் எழுத்தின்மேல் விழாமல் இராது. இந்திய அரசியலமைப்புச் சட்டமும் இதற்கு விலக்கன்று.

1946 திசம்பர் 9ஆம் நாள் தில்லியில் கூடிய அரசியலமைப்பு அவையைப் பொதுமக்கள் நேரே தேர்ந்தெடுக்கவில்லை. அந்நாளைய மாநிலச் சட்டமன்றங்களே அதற்கு உறுப்பினரைத் தேர்ந்தனுப்பின. அச்சட்டமன்றங்களோ, 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி, உடைமை, கல்வி ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்ட வாக்குரிமையால் அமைந்தவை. அகவை வந்தோருள் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் குறைவானவர்க்கே அவ்வுரிமை இருந்தது. மன்னராட்சிப் பகுதிகட்கு 93 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. நிலமற்ற கூலியாளருள் பெரும்பாலோர்க்கு, அவ்வவையில் எவர் அமர்வது என்பதில் வாக்கே இல்லை.

அவ்வவை வகுத்த சட்டத்தின் மூன்றாம் பகுதியையும் நான்காம் பகுதியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். உடைமையுரிமை மூன்றாம் பகுதியில், அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக, 19, 31ஆம் பிரிவுகளில் இடம்பெற்றது. அதற்கு ஊறு நேரின், உடையவன் வழக்குமன்றத்தின் கதவைத் தட்டலாம். வேலைக்கான உரிமை, ஒத்த வேலைக்கு ஒத்த கூலி, வாழ்வுக்குப் போதிய ஊதியம் ஆகியவையோ நான்காம் பகுதியில் வெறும் வழிகாட்டு நெறிகளாக வைக்கப்பெற்றன. அந்நெறிகளை எந்த வழக்குமன்றமும் வலியுறுத்தி நிறைவேற்ற இயலாது என்று 37ஆம் பிரிவு வெளிப்படையாகவே கூறுகின்றது. உடையவனுக்கு உரிமை, உழைப்பவனுக்கு அறிவுரை!

இதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. பெருநிலக்கிழமையை ஒழிக்கப் பீகார் அரசு 1950இல் ஒரு சட்டம் இயற்றிற்று. சிறிய நிலக்கிழார்க்கு நிகர ஆண்டு வருவாயைப்போல் 20 மடங்கும், மிகப் பெரியவர்க்கு 3 மடங்கும் ஈட்டுத்தொகை என அது வகுத்தது. அதனை எதிர்த்து வழக்காடியவருள் தலையாயவர் தர்பங்கா அரசர் காமேசுவர் சிங். அரசியலமைப்பு அவையில் உறுப்பினராய் அமர்ந்திருந்தவரும் அவரே! 1951 மார்ச்சில் பாட்னா உயர் வழக்குமன்றம் அச்சட்டம் செல்லாதென்றது. எதன் அடிப்படையில்? சட்டத்தின்முன் அனைவரும் ஒப்பர் என்னும் 14ஆம் பிரிவின் அடிப்படையில்! எளியவனைக் காக்கும் என்று கருதப்பெற்ற ஒப்புரிமை, பெருநிலக்கிழாரின் கேடயமாயிற்று. அவ்வாண்டு சூன் திங்களிலேயே முதல் திருத்தம் கொண்டுவந்துதான் அந்நிலச் சட்டத்தைக் காக்க வேண்டியிருந்தது. சென்னை மாநிலத்தின் வகுப்புரிமை ஆணை தலைமை வழக்குமன்றத்தில் வீழ்ந்தபோது தமிழ்நாட்டில் எழுந்த கிளர்ச்சியின் பயனும் அதே திருத்தத்தில்தான் 15ஆம் பிரிவின் புதிய உட்பிரிவாகச் சேர்ந்தது.

வரைவுக் குழுவின் தலைவராக அண்ணல் அம்பேத்கர் இருந்தாரே என்பர். இருந்தார். வேளாண் நிலமும் முதன்மைத் தொழில்களும் அரசுடைமையாதல் வேண்டும், அதனை அரசியலமைப்பே உறுதி செய்தல் வேண்டும் என்று 1947இல் எழுதி அளித்தவர் அவர். அத்திட்டம் சட்டத்தில் இடம்பெறவில்லை. அரசியலில் ஒப்புமையும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும் சேர்ந்து நீடிப்பின் மக்களாட்சியே தகரும் என்று 1949 நவம்பர் 25இல் அவ்வவையிலேயே எச்சரித்தவரும் அவரே.

ஒன்றை மறுத்தலாகாது. தீண்டாமையை ஒழித்த 17ஆம் பிரிவும், அகவை வந்தோர் அனைவர்க்குமான வாக்குரிமையும் அவ்வவை தந்தவையே. அவ்வாக்குரிமையின் அழுத்தமே பின்னர் வேலியைச் சிறிது சிறிதாக அசைத்தது. மன்னர்க்கு அளிக்கப்பெற்ற ஆண்டுத்தொகை 1971இல் ஒழிந்தது. 1978ஆம் ஆண்டின் 44ஆம் திருத்தம் உடைமையை அடிப்படை உரிமை நிலையினின்று நீக்கிற்று. ஆயினும், பத்தாண்டுக்குள் சிறார் அனைவர்க்கும் கட்டணமில்லாக் கல்வி தர முயல வேண்டும் என்ற 45ஆம் பிரிவின் கூற்று, அடிப்படை உரிமையாக மாறியது 2002இல்தான். வேலைக்கான உரிமையோ இன்றும் நான்காம் பகுதியிலேயே கிடக்கின்றது.

எழுதும் இடத்தில் இல்லாதவன், எழுதப்பட்டதற்கு அடங்கி நடக்க நேரும். ஆங்கிலத்தில் வரையப்பெற்ற அச்சட்டத்தின் ஒரு வரியையும் அந்நாளைய தமிழ் உழவன் படித்திருக்க வழியில்லை. உழவனும் நெசவாளனும் கூலியாளும் தம்மை ஆளும் சட்டத்தைத் தம் தாய்மொழியில் கற்று, அதனைத் திருத்தும் இடத்தில் தாமே அமர்தல் வேண்டும். அந்நாள் வரும்வரை, உரிமை உடையவன் பக்கமும் அறிவுரை உழைப்பவன் பக்கமுமே நிற்கும்.