றங்குப்பெட்டிப் பக்தி

நமது வீடுகளிலே ஒருவகைப் பக்தி வேரூன்றியிருக்கின்றது. பாட்டனார் படித்த ஏட்டுச் சுவடியையும் தந்தையார் சேர்த்த சஞ்சிகைகளையும் றங்குப்பெட்டியில் இட்டுப் பூட்டுகின்றோம். ஆண்டுக்கொருமுறை நவராத்திரியில் வெளியே எடுத்துச் சந்தனப் பொட்டிட்டு மறுபடியும் பூட்டுகின்றோம். எவரேனும் கேட்டால், “அவருடைய ஞாபகம்; கொடுக்க மனம் வரவில்லை” என்கின்றோம்.

ஞாபகம் பெட்டிக்குள்ளா இருக்கின்றது? விளக்கருகே அமர்ந்து தந்தையார் வாசித்த குரல் நம் செவியில் இருக்கின்றது. அதைக் கறையான் அரிக்கமாட்டாது. அவர் வாசித்த நூலையோ அது நாள்தோறும் அரிக்கின்றது. அவருடைய மூக்குக்கண்ணாடியை நாம் வைத்துக்கொள்வதால் எவருக்கும் நட்டமில்லை. நூல் அத்தகையதன்று. எழுத்தறிவு சில வீடுகளின் உடைமையாயிருந்த காலத்திலே திண்ணைக்கு வெளியே நிறுத்தப்பட்டோரின் பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களுக்கும் உரிய அறிவைப் பூட்டிவைத்துப் பாசம் என்று பெயரிடுகின்றோம். உண்மையில் அது சொத்துணர்வே.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். முன்னோரின் ஏடுகளைக் கைவிட்டுக் கொடுக்க மனம் கொண்டோர் இருந்தமையாலேயே அத்தகைய பதிப்புகள் கைகூடின. கொடாதோரின் சுவடிகள் பூட்டுக்குள்ளேயே பொடியாயின.

“கொடுத்தவை 1981 இல் எரிந்தனவே!” என்பர் சிலர். நியாயமான துயரமே. அவ்வாண்டு மே 31 இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஆயினும் அச்சேறிப் பலவூர் பரவிய நூல்கள் அத்தீயில் அழிந்தொழியவில்லை. ஒரேயொரு பிரதியாயிருந்தவையே மீளவில்லை. அத்தீ உணர்த்துவது பெட்டியின் பெருமையையா, பிரதியின் அவசியத்தையா? 2005 முதல் ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பிரதிசெய்து, எவரும் வாசிக்க இணையத்தில் இட்டுவருகின்றது. இனியும் தயங்குவதற்குக் காரணமில்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! வரும் விடுமுறையில் நம் வீட்டுப் பெட்டிகளைத் திறப்போம். உள்ளவற்றைப் பிரதியெடுக்கக் கொடுப்போம். மூலத்தைப் பேணத்தக்க நூலகத்துக்கு வழங்குவோம். அதை வைத்திருந்தவர் யார், எவ்வூரவர், எங்ஙனம் பெற்றார், யாருக்கு வாசித்துக் காட்டினார் என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் சேர்ப்போம். நம்மோடு மறையவிருந்த நினைவு அத்தாளில் நிலைக்கும். முன்பின் அறியாத மாணவன் ஒருவன் அந்நூலை விரித்து வாசிப்பான். தந்தையாருக்கு நாம் செய்யத்தக்க மரியாதை அதுவே.